சொன்னவர்களுக்கே முதலில் படித்துக் காட்டினோம்

எங்கள் மையத்தில் புதிதாகச் சேரும் பெண்களுக்குப் பயிற்சி நடக்கும்போது என்னைக் கூப்பிட்டு ஒரு வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. போன முறை ஒரு பெண் எழுந்து கேட்டாள். அரூர்ப் பக்கத்துப் பெண், கையில் டேப்லெட் வைத்திருந்தாள்.

"மேடம், பேட்டி எடுத்தாச்சு, எழுதியாச்சு. அப்புறம் எதுக்கு அதைத் தூக்கிட்டு மறுபடியும் அதே ஊருக்குப் போய் படிச்சுக் காட்டணும்? இதுல ஏத்திட்டா அன்னைக்கே முடிஞ்சிரும். இதுக்கு மட்டும் மாசக்கணக்கா போகுதுங்க."

நியாயமான கேள்வி. வகுப்பில் ஏதோ பதில் சொன்னேன். பஸ் ஏறி இண்டூர் வந்து இறங்குவதற்குள் அந்தப் பதில் எனக்கே போதாமல் போய்விட்டது. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். எங்களுடையது தர்மபுரி மாவட்டத்துப் பெண்களின் வாழ்க்கையைப் பெண்களே போய்க் கேட்டு, பெண்களே எழுதவேண்டும் என்று தொடங்கிய ஒரு சின்ன ஆய்வு மையம். பதிவு செய்த பெயர் நீளமானது. ஊர்க்காரர்கள் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. "கேக்கறவங்க ஆபீஸ்" என்றார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஆரம்பித்தவர் பத்மா அக்கா. சேலத்தில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். வேலையை விட்டுவிட்டு இரண்டு தோழிகளோடு தர்மபுரிக்கு வந்து, ஒரு மாவு மில்லுக்கு மேலே மாடியை வாடகைக்குப் பிடித்தார். மில் ஓடும்போது எங்கள் மேஜை நடுங்கும். பேட்டி எடுத்த கேசட்டைப் போட்டுக் கேட்டு எழுத வேண்டுமென்றால் கரண்ட் போக வேண்டும். கரண்ட் போனால் மில் நிற்கும், பேட்டரி போட்ட டேப் ரெக்கார்டர் பாடும். ஊரே மின்சாரத் துறையைத் திட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் நாங்கள் மட்டும் சந்தோஷமாக வேலை செய்வோம். ஒருமுறை டெல்லியிலிருந்து பார்வையிட வந்த ஓர் அம்மாள், நாங்கள் எல்லோரும் எழுதிக்கொண்டே கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு, "ரொம்ப உருக்கமான பேட்டியா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். கீழே மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அங்கே டைப்பிஸ்ட் வேலை கேட்டுப் போனவள். எங்கள் அப்பாவுக்கு அதில் பெரிய விருப்பமில்லை. "ஊர் ஊராப் போயி அடுத்தவூட்டுக் கதையக் கேக்கறதுக்கு ஒரு ஆபீசா? அதைத்தான் உங்க அத்தைங்க சும்மாவே பண்றாளுங்களே" என்றார். இருந்தாலும் பஸ் ஏற்றிவிட்டார்.

பத்மா அக்கா என் சான்றிதழ்களைப் பார்க்கவில்லை. வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டே, "உங்க அம்மா என்ன பண்றாங்க விஜயா?" என்று கேட்டார்.

"சும்மாதான் இருக்காங்க மேடம், வூட்ல."

"மேடம் வேண்டாம், அக்கா போதும். நேத்து காலையில எந்திரிச்சதுல இருந்து அம்மா என்ன பண்ணாங்கன்னு சொல்லு."

சொன்னேன். சாணி அள்ளியது, பால் கறந்தது, களி கிண்டியது, தக்காளித் தோட்டத்தில் களை பறித்தது, நடுவில் வந்து அப்பாவுக்குச் சோறு போட்டது, மறுபடியும் தோட்டத்துக்குப் போய்த் தண்ணீர் மடை மாற்றியது, ஆட்டுக்குத் தழை ஒடித்தது. சொல்லச் சொல்ல நீண்டுகொண்டே போனது. அக்கா எழுதிக்கொண்டே இருந்தார். முடித்ததும் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "இதுதான் சும்மாவா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருப்பதை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன்.

மையத்தின் முதல் ஆய்வே அதுதான். அறிக்கைக்கு வேறு தலைப்பு இருந்தாலும் எங்களுக்குள் அதைச் 'சும்மா ஆய்வு' என்றுதான் சொல்வோம். டைப் அடிக்கப் போன நான் மெல்ல மெல்லக் களத்துக்குப் போக ஆரம்பித்தேன்.

அக்காவின் பயிற்சி என்பது பெரும்பாலும் "அப்படிச் செய்யாதே" என்பதுதான். நாற்காலி கொடுத்தால் உட்காராதே, அவர்கள் எங்கே உட்கார்கிறார்களோ அங்கே உட்கார். ஒருத்தி பேசிக்கொண்டிருக்கும்போது நீ வாக்கியத்தை முடித்து வைக்காதே. "ஐயோ பாவம்" என்று சொல்லாதே, அதைச் சொன்னால் அவள் உன் இரக்கத்துக்கு ஏற்றமாதிரி பேச ஆரம்பித்துவிடுவாள். எல்லாவற்றுக்கும் "ஆமா ஆமா" என்று தலையாட்டாதே. அவள் பேச்சை நிறுத்தினால் நீயும் பேசாமல் இரு. முக்கியமானது அதற்கப்புறம்தான் வரும்.

இதில் கடைசிதான் எனக்குப் பெரும்பாடு. எங்கள் குடும்பத்தில் யாரும் பேசாமல் இருந்து பழக்கமில்லை. அதற்கு அக்கா ஒரு வழி சொன்னார். அவர்கள் என்ன வேலை செய்கிறார்களோ அதை நீயும் செய். மாசி, பங்குனியில் எங்கள் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு வீடு புளி உடைப்பார்கள். ஒரு சின்னச் சுத்தியல், ஒரு கல், பக்கத்தில் கொட்டை ஒரு குவியல். நானும் உட்கார்ந்து உடைப்பேன். கையில் வேலை இருந்தால் வாய் அடங்கும், எதிரில் இருப்பவளுக்கும் நம் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. என்னுடைய நல்ல பேட்டிகள் பலவும் புளி வாசனையோடுதான் நினைவுக்கு வருகின்றன.

பெயர் மாற்றுவது இன்னொரு நடைமுறை. சொன்னவர் யாரென்று அறிக்கையில் தெரியக்கூடாது. மற்ற இடங்களில் ஆய்வாளர்களே ஒரு பெயரைப் போட்டுவிடுவார்கள். அக்கா, "அவங்க பேரை மாத்த நாம யாரு? அவங்களையே கேளு" என்பார். கேட்டால் ஒருத்தி ரோஜா என்பாள், ஒருத்தி தன் செத்துப்போன தங்கச்சி பெயரைச் சொல்வாள். பென்னாகரம் பக்கத்தில் ஆடு மேய்க்கும் ஓர் அம்மா நன்றாக யோசித்துவிட்டு, "கலெக்டருன்னு போட்டுக்கங்க" என்றார். அப்படியே போட்டோம். 'கலெக்டர் கூறுகிறார்: என் புருஷன் குடிச்சிட்டு வந்தா நான் ஆட்டுப் பட்டியில போய்ப் படுத்துக்குவேன்' என்று அறிக்கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு நிதி கொடுத்தவர்கள் பதறிப்போய்ப் போன் செய்தார்கள். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். பெயரை மட்டும் மாற்றவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

சித்தேரி மலையில் ஓர் ஆய்வு வந்தது. மலைப் பெண்கள் பிரசவத்துக்கு ஏன் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆய்வைக் கொடுத்தவர்களிடம் பதில் தயாராகவே இருந்தது. பயம், மூடநம்பிக்கை, மாமியார்கள். அக்கா அந்தத் தாளைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"முடிவை முன்னாடியே எழுதிட்டாங்க. நாம போய் கையெழுத்து வாங்கிட்டு வரணுமாம். நீ போ விஜி. ஏன் வரலைன்னு கேக்காத. கடைசியா எப்ப போனீங்க, அன்னைக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் கேளு."

அரூரிலிருந்து பஸ். அப்போது பஸ் போகிற இடத்துக்கு அப்பால் சிற்றூர்களுக்கு நடைதான். ஒவ்வொரு ஊரிலும் சில நாட்கள் தங்குவேன். சாமை குத்துகிற இடத்தில், கேழ்வரகு புடைக்கிற இடத்தில் உட்கார்ந்து கேட்பேன். மலைப் பெண்கள் நன்றாகப் பேசுவார்கள். கேலியும் உண்டு. ஆனால் ஓர் ஊரில் மட்டும் ஒருத்தி என்னைப் பார்த்ததும் எழுந்து போய்விடுவாள். அவள் பெயர் ராமாயி.

அவளைப் பற்றி மற்றவர்கள் சொன்னார்கள். ராமாயிக்குக் குழந்தை இல்லை. அவளுடைய ஓரகத்தி, அதாவது அவள் புருஷனின் தம்பி பெண்டாட்டி, பூங்கொடி. சின்ன வயசு. முதல் பிரசவம். பூங்கொடியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு இறங்கியவள் ராமாயி. அன்றைக்கே அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டாள். ஒன்றிரண்டு நாளில் வலி கண்டது. தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கும்போது பாதி வழியிலேயே குழந்தை பிறந்தது. குழந்தை பிழைத்தது. பூங்கொடி பிழைக்கவில்லை.

"ஆஸ்பத்திரி வரைக்கும் போனவளை எதுக்குத் திருப்பிக் கூட்டியாரணும்?" என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். "தனக்கு இல்லைங்கற வயித்தெரிச்சலுங்க்கா. வேற என்ன?"

ஊர் முழுக்க இதே பேச்சுதான். பூங்கொடியின் புருஷன் அண்ணாமலை அண்ணியோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். மாமியார் குழந்தையை ராமாயி தொட விடவில்லை. ஒரே வாசல், ஒரே அடுப்பங்கரை. குழந்தை அழுதால் ராமாயி எழுந்து வெளியே போய்விடுவாள். அதைத்தான் நான் என்னைப் பார்த்து எழுந்து போவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அவளைக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவள் காட்டுக்குக் கடுக்காய் பொறுக்கப் போகும்போது கூடப் போனேன். முதல் நாள் அவள் பேசவில்லை. அடுத்த நாளும் இல்லை. அப்புறம் ஒரு நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தானாகச் சொன்னாள்.

"அவங்கதான் தொரத்துனாங்க. நானா கூட்டியாரல."

நான் கடுக்காய் பொறுக்கிக்கொண்டே இருந்தேன்.

"இன்னும் நாளு இருக்குது, வலி வந்தா வான்னுட்டாங்க. எங்க வூடு மலை மேலங்க, வலி வந்தா எறங்க முடியாதுங்க, ஒரு மூலையில கெடந்துக்கறோம்னேன். இது என்ன சத்திரமான்னு கேட்டாங்க. கையெடுத்துக் கும்புட்டேன். வாச்சுமேன் வந்து வெளிய போகச் சொல்லிட்டான். கடைசி பஸ் வர்றவரைக்கும் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தோம். அவளுக்குப் பசின்னா. பன்னு வாங்கிக் குடுத்தேன். பாதி தின்னுட்டு, நீயும் ஒண்ணும் தின்னலயேக்கான்னு பாதிய எனக்குக் குடுத்தா."

காட்டுக்குள் அவ்வளவு சத்தமாக ஒருத்தி அழுது நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"வூட்ல சொல்லலயா?" என்று கேட்டேன்.

"சொல்லாம இருப்பனாக்கா? யாரு நம்புனா? ஆஸ்பத்திரியில எங்கயாச்சும் தொரத்துவாங்களா, சாக்கு சொல்றாங்கறாங்க."

வழக்கம்போல நடைமுறைகளைச் சொன்னேன். நீங்கள் சொன்னது யார் சொன்னதென்று வெளியே தெரியாது. பெயரை மாற்றிவிடுவோம். உங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது, பயப்படாதீர்கள் என்றேன். எத்தனையோ பெண்கள் அதைக் கேட்டு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டிருக்கிறார்கள். ராமாயி என்னை வெறித்துப் பார்த்தாள்.

"எங்க ஊருல யாருக்குமே சொல்லமாட்டீங்களா?"

"மாட்டோம்."

"அப்புறம் எதுக்குக் கேட்டீங்க?"

வேறு என்ன பெயர் வைக்கட்டும் என்று கேட்டதற்கு, "எனக்கு எதுக்கு வேற பேரு? இருக்கற பேருதான் கெட்டுக்கெடக்குது" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

தர்மபுரிக்கு வந்து அக்காவிடம் அப்படியே சொன்னேன். அக்கா உடனே பதில் சொல்கிறவர் இல்லை. ஒரு விஷயம் அவரைக் குடைந்தால் அலுவலகத்தைக் கூட்ட ஆரம்பித்துவிடுவார். அன்றைக்கு மாடி முழுவதையும் கூட்டினார். படிக்கட்டைக் கூட்டினார். கீழே மில்காரர், "ஏனுங்கம்மா, நீங்க கூட்டறதுக்கா ஆபீஸ் வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். துடைப்பத்தோடு மேலே வந்தவர், மற்ற ஊர்ப் பேட்டிகளை எடுத்து வைக்கச் சொன்னார்.

எல்லாவற்றையும் சேர்த்து உட்கார்ந்து படித்தோம். தனித்தனியாக எழுதும்போது எனக்குத் தெரியாமல் போனது அப்போது தெரிந்தது. ஊர் ஊராக, ஒருவரையொருவர் பார்த்தே இராத பெண்கள், ஏறக்குறைய ஒரே விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். போனோம், நாள் இருக்கிறது என்றார்கள், திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒருத்திக்கு வழியில் பிறந்தது. ஒருத்தி, இதற்கு வீட்டிலேயே இருக்கலாம் என்று அடுத்த பிள்ளைக்குப் போகவே இல்லை.

அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். "ஒருத்தி சொன்னா சாக்கு. இத்தனை பேரு சொன்னா அது என்ன?" பிறகு, "இதை மொதல்ல கேக்க வேண்டியது அந்த ஊருதான். அச்சுக்கு அப்புறம் கொடுக்கலாம்" என்றார்.

எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. பேட்டியை வெளியில் சொல்வதில்லை என்பதுதானே நம்முடைய அடிப்படை, அதை நம்பித்தானே பேசினார்கள் என்று தோழிகளில் ஒருவர் கேட்டார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. கடைசியில் அக்கா ஒரு முறையை வகுத்தார். முதலில் ஒவ்வொரு பெண்ணிடமும் தனியாகப் போய், அவள் சொன்னதை அவளுக்கே படித்துக் காட்ட வேண்டும். வேண்டாம் என்றால் அடித்துவிட வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. சரி என்றவற்றை மட்டும் ஊரைக் கூட்டிப் படிக்க வேண்டும். ஓர் ஊரில் படிக்கும்போது மற்ற ஊர்களில் சொன்னதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மறுபடியும் மலை ஏறினேன். இரண்டு பெண்கள் அடிக்கச் சொன்னார்கள், அடித்தேன். ராமாயி முழுவதையும் கேட்டாள். பன் சாப்பிட்ட இடம் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதை ஊருல படிக்கலாமா?"

"அதுக்குத்தானக்கா சொன்னேன்" என்றாள்.

கூட்டம் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலிருந்த பலா மரத்தடியில், காலை நேரத்தில் நடந்தது. அக்காவும் வந்திருந்தார். நடந்து ஏறியதில் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் எல்லோரும் வந்தார்கள். ஆண்களும் என்னவென்று பார்க்க வந்து ஓரமாக நின்றார்கள். அண்ணாமலை பள்ளிக்கூடச் சுவரில் சாய்ந்து நின்றான். மாமியார் குழந்தையை மடியில் வைத்திருந்தார். ராமாயி கூட்டத்தின் கடைசியில், தனியாக.

நான் படித்தேன். முதலில் மற்ற ஊர்ப் பெண்கள் சொன்னது. செவ்வந்தி என்று பெயர் வைத்துக்கொண்டவள் திருப்பி அனுப்பப்பட்ட கதை. ராணி என்று பெயர் வைத்துக்கொண்டவளின் கதை. மூன்றாவது கதை பாதியில் இருக்கும்போது முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண், "என்னையும் இப்பிடித்தான் போவச் சொன்னாங்க" என்றாள். அவள் பக்கத்தில் இருந்தவள், "எப்ப? நீ சொல்லவே இல்ல?" என்றாள். "என்னத்தச் சொல்றது. நமக்கு மட்டும்தான்னு நெனச்சுக்கிட்டேன்." கூட்டம் சலசலத்தது. அக்கா கையைக் காட்டி என்னைக் காத்திருக்கச் சொன்னார். அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று விட்டோம்.

பிறகு ராமாயி சொன்னதைப் படித்தேன். பெயர் இல்லாமல்தான் படித்தேன், ஆனால் கும்பிட்ட இடம் வந்ததுமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டைப் படித்தேன். பன்னைப் படித்தேன். முடித்துவிட்டுத் தாளை மடித்தேன்.

ராமாயி எழுந்து நின்றாள். "அது நான் சொன்னது" என்றாள். "பேரு போடாம விட்டுட்டாங்க. ராமாயின்னு எழுதச் சொல்லுங்க."

ஆஸ்பத்திரியைப் பற்றி ஏதாவது கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். அண்ணாமலைதான் பேசினான். சுவரிலிருந்து நிமிர்ந்து, அண்ணியைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக் கேட்டான்.

"பன்னு தின்னாளா?"

"பாதி தின்னா" என்றாள் ராமாயி. "நல்லா இருக்குதுன்னு சொன்னா."

அவன் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ராமாயிக்குப் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி நகர்ந்து அவளுக்கு அருகில் போய் உட்கார்ந்தாள். வயிற்றெரிச்சல் என்று என்னிடம் சொன்னவள்தான்.

யாரும் மன்னிப்புக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு காட்சி நடந்திருந்தாலும் அது எங்கள் கண் முன்னால் நடக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்த முறை நான் போனபோது ராமாயி இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் களியை உருட்டி அதன் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "வாங்க்கா, சாப்புடலாம்" என்றாள். எழுந்து போகவில்லை.

அறிக்கை அச்சாகி வந்ததும் மாவட்டத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஓர் அதிகாரி கோபமாக இருந்தார். "யார் யார் சொன்னதுன்னு பேரைக் கொடுங்க. நாங்க விசாரிச்சுக்கறோம்" என்றார். அக்கா குரலை உயர்த்தாமல், "கொடுக்க மாட்டோம் சார்" என்றார். "அப்ப இதெல்லாம் கட்டுக்கதைன்னுதான் எடுத்துக்கணும்" என்றார் அவர். பின் வரிசையிலிருந்து ராமாயி எழுந்தாள். அவளை வரச் சொன்னது யாரென்று அக்கா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். ஊரில் எல்லோரும் சேர்ந்து அனுப்பியிருக்கிறார்கள். கூட வந்து வாசலில் நின்றவன் அண்ணாமலை.

"கட்டுக்கதை இல்லீங்க, நான்தான் அது" என்றாள். அதிகாரி கொஞ்சம் தடுமாறி, "சரிம்மா, இப்ப என்ன வேணும்ங்கற?" என்றார்.

"நாளு இருக்கும்போதே வந்தா படுக்க ஒரு எடம். கூட ஒருத்தி இருந்துக்க விடணும். அவ்வளவுதாங்க."

அதன்பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று எழுத மாட்டேன். முதலில் ஓர் அறை கொடுத்தார்கள், அது பூட்டியே கிடந்தது. சாவி யாரிடம் என்று கேட்டுக்கேட்டு நடந்தோம். அப்புறம் அறை திறந்தது, தண்ணீர் இல்லை. அதுவும் பிறகு வந்தது. அதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விட்டது. ஆனால் மலைப் பெண்கள் பிரசவத்துக்கு முன்னாலேயே இறங்கி வந்து அங்கே தங்க ஆரம்பித்தார்கள். கூட வந்தவர்கள் வராந்தாவில் கோரைப்பாயை விரித்துக்கொண்டு கதை பேசுவார்கள். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு காரணமும் இல்லாமல் எட்டிப் பார்த்துவிட்டு வருவேன்.

அன்றிலிருந்து படித்துக் காட்டாமல் எதையும் அச்சுக்குக் கொடுப்பதில்லை என்பது எங்கள் மையத்தின் விதியானது. இந்த விதியால் பட்ட சிரமம் கொஞ்சமில்லை. இண்டூரை அடுத்த ஓர் ஊரில் பெண்கள் நிலத்தைப் பற்றிச் சொன்ன ஒரு முழு அத்தியாயத்தையும் படிக்கக் கேட்டுவிட்டு, "இது இப்ப வெளிய வந்தா எங்களுக்கு வூட்ல ஆகாதுங்க" என்றார்கள். நிதி கொடுத்தவர்கள் அந்த அத்தியாயத்துக்காகத்தான் காத்திருந்தார்கள். அக்கா அந்தப் பக்கங்களை வெற்றாக விட்டு, 'இங்கிருந்ததைச் சொன்னவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்' என்று ஒரே ஒரு வரி போட்டு அச்சடித்தார். அந்த நிதி அதற்கப்புறம் வரவில்லை. கொஞ்ச காலம் டீயில் பால் குறைந்தது. இது பயிற்சிக்கு வரும் பெண்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். மாசக்கணக்காகத்தான் ஆகும். ஆகட்டும்.

ராமாயி பிறகு எங்களோடு களப்பணிக்கு வந்துவிட்டாள். அவளுக்கு எழுத வேகம் வராது, ரெக்கார்டரை வைத்துக்கொண்டு கேட்பாள். மலை முழுக்க அவளைத் தெரியும். கேட்பதில் அவள் என்னைப்போல் இல்லை, அக்காவைப்போலவும் இல்லை. சுற்றி வளைக்கமாட்டாள். நேராகக் கேட்டுவிடுவாள், பிறகு அவளே வெட்கப்பட்டுச் சிரிப்பாள். எதிரில் இருப்பவர்களும் சிரித்துவிட்டுப் பதில் சொல்லிவிடுவார்கள்.

பத்மா அக்கா இப்போது சேலத்தில் தம்பி வீட்டில் இருக்கிறார். முட்டி வலி, அதிகம் நடப்பதில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு நானும் ராமாயியும் ஒருநாள் அவரைப் பார்க்கப் போனோம். ராமாயி மலைத்தேன் ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தாள். டீ குடித்துக்கொண்டிருந்தோம். மையத்தைப் பற்றி, புதிய பெண்களைப் பற்றி, குழந்தைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, ராமாயி தன் வழக்கப்படி நேராகக் கேட்டாள்.

"ஏங்க்கா, காலேஜு வேலைய விட்டுட்டு நீங்க எதுக்கு இதுக்கு வந்தீங்க? உங்களுக்கு என்ன ஆச்சு?"

எனக்கு டீ புரையேறிவிட்டது. எத்தனையோ வருஷம் அவரோடு இருந்திருக்கிறேன். ஊர் ஊராகப் போய் எத்தனையோ பெண்களிடம் கேட்டிருக்கிறோம். அக்காவை இந்தக் கேள்வி கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

அக்கா பேசாமல் இருந்தார். ராமாயியும் பேசாமல் இருந்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன், ராமாயி என் கையைத் தொட்டு நிறுத்தினாள். பிறகு அக்கா பேச ஆரம்பித்தார். தம்பி பெண்டாட்டி சாப்பிடக் கூப்பிட்டு இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். அக்கா நிறுத்தவில்லை.

இந்தக் கட்டுரைக்காக அன்று அவர் சொன்னதை எழுதினேன். போன வாரம் சேலத்துக்குப் போய் அவருக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"அடிச்சிரு விஜி" என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர் எதிரிலேயே பேனாவை எடுத்து ஒவ்வொரு பக்கமாகக் குறுக்குக் கோடு போட்டேன். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது கையை நீட்டித் தடுத்தார்.

"ஒண்ணு மட்டும் எழுதிக்க. ராமாயி கேட்டப்ப எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு."

எழுதிவிட்டேன்.